ஒரு பொருளை வகைப்படுத்துவதும் அதன் அணுவை எண்ணுவதும்: தொடக்க வேதியியலுக்கு ஒரு வழிகாட்டி

"பால் ஒரு சேர்மம்", "ஆக்சிஜன் மூலக்கூறாக இருப்பதால் அது சேர்மம்", "குளோரின் அணுவில் 18.5 நியூட்ரான்கள் உள்ளன" என்ற மூன்று விடைகளையும் ஒரே தேர்வுக் கட்டில் பார்க்காத வேதியியல் ஆசிரியர் அரிது. இவற்றை எழுதும் மாணவர்களில் பலர் தனிமம், சேர்மம், கலவை ஆகியவற்றின் வரையறைகளை வரி பிசகாமல் ஒப்பிக்கக் கூடியவர்கள். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, அதற்கு விடை கிடைத்த பின் எதைக் கேட்பது என்ற வரிசைதான் அவர்களுக்குப் பிடிபடாமல் போகிறது. அந்த வரிசையை இங்கே படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

முதல் கேள்வி எளிது. அதற்கு நிறை உண்டா, அது இடத்தை அடைத்துக்கொள்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது பருப்பொருள். ஒளி, ஒலி, வெப்பம் ஆகியவை இந்தக் கேள்வியிலேயே விலகிவிடும், காற்று விலகாது. ஊதிய பந்தை நல்ல தராசில் நிறுத்தால், காற்றிறங்கிய பந்தைவிட அது சற்று அதிகமாகக் காட்டும்.

அடுத்து வரும் திண்மம், திரவம், வாயு என்ற பிரிவில் அதிக நேரம் செலவிட வேண்டாம். அது பொருளின் நிலையைச் சொல்லுமே தவிர, பொருள் எதனால் ஆனது என்பதைச் சொல்லாது. இதுவரை அறியப்பட்ட 118 தனிமங்களில், 25 டிகிரி செல்சியசில் திரவமாக இருப்பவை என்று பாடநூல்கள் குறிப்பிடுவன பாதரசமும் புரோமினும். ஆனால் காலியம் 29.8 டிகிரியில் உருகிவிடும் என்பதால், சென்னையின் மே மாத வெயிலில் மூன்றாவது ஒரு திரவத் தனிமமும் மேசைமேல் கிடைக்கும். நிலை என்பது வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பொறுத்து மாறுவது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கண்ணால் பார்ப்பது போதாது

உண்மையான வகைப்பாடு, பொருள் முழுவதும் ஒரே தன்மையாக இருக்கிறதா என்ற கேள்வியில் தொடங்குகிறது. மணலும் உப்பும் கலந்த தட்டைப் பார்த்தவுடன் அது பலபடித்தான கலவை என்று சொல்லிவிடலாம். பாலைப் பார்த்து அவ்வாறு சொல்ல முடியாது. அது ஒரே வெண்மையாகத் தெரிகிறது. இந்த இடத்தில் கண்ணை நம்பாமல் ஒளியை நம்ப வேண்டும்.

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தெளிந்த தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையை முழுவதும் கரையுமாறு கலக்குங்கள். மற்றதில் இரண்டு மூன்று சொட்டுப் பால் மட்டும் விடுங்கள். அறையை இருட்டாக்கி, கைப்பேசியின் விளக்கின்மேல் சிறு துளையிட்ட தடித்த அட்டையை வைத்து, அந்த மெல்லிய ஒளிக்கற்றையைத் தம்ளரின் ஒரு பக்கத்திலிருந்து செலுத்திவிட்டு மற்றொரு பக்கத்திலிருந்து பாருங்கள். பால் கலந்த நீரில் ஒளி செல்லும் பாதை ஒரு கோடாகத் துலங்கும். சர்க்கரைக் கரைசலில் அந்தப் பாதை ஏறக்குறையத் தெரியவே தெரியாது. டிண்டால் விளைவு என்று பாடநூல் சொல்வது இதுதான். ஓட்டு வீட்டின் கண்ணாடி ஓடு வழியே, புகை நிறைந்த அடுப்படியில் விழும் வெயில் கம்பம்போல் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

கரைசலில் கரைந்துள்ள துகள்கள் ஒரு நானோமீட்டருக்கும் குறைவானவை என்பதால் ஒளியைக் குறிப்பிடத்தக்க அளவு சிதறடிப்பதில்லை. கூழ்மத் துகள்கள் ஏறத்தாழ 1 முதல் 1000 நானோமீட்டர் வரை இருக்கும். அவை ஒளியைச் சிதறடிக்கும், ஆனால் அடியில் படியா, சாதாரண வடிதாளில் தங்கவும் மாட்டா. அதற்கும் பெரியவை தொங்கலில் உள்ளவை. ஆற்றின் கலங்கல் நீரை ஒரு குடத்தில் வைத்தால் காலையில் அடியில் வண்டல் தங்கியிருப்பதைப் போல, அவை படிந்துவிடும். ஆகவே பால் சேர்மம் அன்று. அது கூழ்மம், அதாவது கலவை. "சுத்தமான பசும்பால்" என்று கடைக்காரர் சொல்வது தண்ணீர் சேர்க்கவில்லை என்ற பொருளில் உண்மையாக இருக்கலாம். வேதியியலில் "தூய பொருள்" என்றால் ஒரே வகைத் துகள்களால் மட்டுமே ஆனது என்று பொருள். அந்த அளவுகோலில் கறந்த பாலும் தூய்மையற்றதே.

இயற்பியல் முறையில் பிரிகிறதா

ஒளிச் சோதனையில் தேறிவிட்ட பொருள் ஒருபடித்தானது. ஆனால் அது தூய பொருளா, கரைசலா என்பது இன்னும் தீரவில்லை. உப்பு நீரும் வாலைவடிநீரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டை அறிய, வேதி மாற்றம் எதுவும் நிகழாமல் பிரித்துப் பார்க்க வேண்டும்: ஆவியாக்குதல், காய்ச்சி வடித்தல், வண்ணப்பிரிகை, காந்தம் போன்ற வழிகளில். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்துப் பாத்திகளில் வெயில் செய்வது இதைத்தான். தண்ணீர் ஆவியாகப் போய்விட, அதில் கரைந்திருந்த உப்பு தன் தன்மை மாறாமல் பின்தங்குகிறது.

ஆய்வகத்தில் இதற்கு வெப்பநிலைமானி இன்னும் நுட்பமாக உதவும். தூய நீர், கடல் மட்ட அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கத் தொடங்கி, கடைசிச் சொட்டு ஆவியாகும் வரை அதே வெப்பநிலையில் நிற்கும். உப்பு நீரோ அதற்கு மேலே கொதிக்கத் தொடங்கி, நீர் குறையக் குறையக் கொதிநிலையும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். நிலையான கொதிநிலை தூய்மையின் அடையாளம், நகரும் கொதிநிலை கலவையின் அடையாளம் என்று பாடநூல் சொல்வது பெரும்பாலும் சரி. இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும். உதகமண்டலத்தின் உயரத்தில் தூய நீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். மற்றொன்று, சில கலவைகள் தூய பொருளைப்போல் நடிக்கும்: நிறையில் ஏறத்தாழ 95.6 விழுக்காடு எத்தனாலும் மீதி நீரும் உள்ள கலவை, 78.2 டிகிரியில் மாறாமல் கொதிக்கும். எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் அதிலிருந்து எஞ்சிய நீர் பிரியாது. ஆகையால் ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

திண்மக் கலவைகளில் ஏமாறுவது இன்னும் எளிது. 916 என்று முத்திரையிட்ட தங்க நகை எங்கு பார்த்தாலும் ஒரே மஞ்சளாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணே அதன் கதையைச் சொல்லிவிடுகிறது: 1000 பங்கில் 916 பங்குதான் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 22 கேரட்டை 24 ஆல் வகுத்தால் வருவதும் இதே எண்தான். பங்கை விருப்பம்போல் கூட்டிக் குறைத்து 18 கேரட், 14 கேரட் என்றும் செய்ய முடிகிறது அல்லவா? அவ்வாறு விகிதத்தை மாற்றிக்கொள்ள முடிவதே அது கலவை என்பதற்குச் சான்று. பித்தளையும் வெண்கலமும் அப்படியே. தண்ணீரில் அந்த விளையாட்டு நடக்காது. காவிரியில் எடுத்தாலும் பனிக்கட்டியிலிருந்து எடுத்தாலும், தூய நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நிறையில் ஒன்றுக்கு எட்டு என்ற விகிதத்திலேயே சேர்ந்திருக்கும்.

இரும்பும் கந்தகமும்

கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு சோதனையைச் செய்து காட்டுவது மேல். பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்க, காற்றோட்டமுள்ள இடத்தில், கண் காப்புக் கண்ணாடி அணிந்துதான் இதைச் செய்ய வேண்டும், வீட்டில் வேண்டாம்.

7 கிராம் இரும்புத்தூளையும் 4 கிராம் கந்தகப் பொடியையும் நிறுத்து எடுத்து, காகிதத்தின்மேல் நன்றாகக் கலக்குங்கள். சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி கிடைக்கும். அதில் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அசைத்தால் இரும்புத்தூள் முள்முள்ளாக எழுந்து ஒட்டிக்கொள்ளும், மஞ்சள் கந்தகம் கீழேயே கிடக்கும். இது கலவை, 7-க்கு 4 என்பதற்குப் பதில் 9-க்கு 2 எடுத்திருந்தாலும் கலவையாகவே இருந்திருக்கும்.

இனி மீண்டும் கலந்து, அதில் இரண்டு மூன்று கிராமை மட்டும் ஒரு சோதனைக்குழாயில் போட்டு, வாயைக் கனிமப் பஞ்சால் தளர்வாக அடைத்து, அடிப்பகுதியை மட்டும் சூடாக்குங்கள். ஓரிடத்தில் செந்தணல் தோன்றியவுடன் சுடரை விலக்கிவிடலாம். அடுப்பு இல்லாமலேயே அந்தத் தணல் பொடி முழுவதும் மெல்லப் பரவிச் செல்லும். வினையே வெப்பத்தை வெளிவிடுவதால் அடுத்த பகுதி தானாகச் சூடேறுகிறது. நான் கற்பித்த வகுப்புகளில் மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டிருக்கும் சில நொடிகள் இவை.

குழாய் ஆறியபின் உள்ளே இருப்பது கருஞ்சாம்பல் நிறக் கட்டி, இரும்பு சல்பைடு. வினை முழுமையாக நடந்திருந்தால், காந்தம் அதை முன்போல் இழுக்காது. மஞ்சளையும் அதில் காண முடியாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இரும்புத்தூளின்மேல் விட்டால் மணமற்ற ஹைட்ரஜன் வரும். இந்தக் கட்டியின்மேல் விட்டால் அழுகிய முட்டை நாற்றமுடைய, நச்சுத்தன்மை கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு வரும், ஆகவே அமிலச் சோதனையை ஆசிரியர் புகைபோக்கிக் கூண்டுக்குள் ஒரு சிறு துணுக்கை வைத்துச் செய்து காட்டினால் போதும். இரண்டு தனிமங்களின் பண்புகளும் மறைந்து மூன்றாவதாக ஒரு பொருளின் பண்புகள் வந்துவிட்டன. அது சேர்மம்.

7-க்கு 4 ஏன்? இரும்பின் அணு நிறை ஏறத்தாழ 56, கந்தகத்தினுடையது 32. இரண்டையும் 8 ஆல் வகுத்தால் 7-உம் 4-உம். ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு கந்தக அணு என்ற கணக்கைத் தராசு இப்படிக் காட்டிக்கொடுக்கிறது. நிறை விகிதத்திலிருந்து அணுக்களின் கணக்குக்குப் போகும் இந்தப் பாதையைத்தான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டால்டன் வகுத்தார்.

ஒரு பொருள் தனிமம் என்று எப்போது முடிவு செய்வது? வேதி முறையில் அதை மேலும் எளிய பொருள்களாகப் பிரிக்க முடியாதபோது என்பது பழைய விடை. அந்த விடையில் ஓர் ஓட்டை உண்டு. 1789-இல் லவாய்சியர் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் சுண்ணாம்பும் இருந்தது, ஏனெனில் அன்றைய எந்த உலையாலும் அதைப் பிரிக்க முடியவில்லை. 1808-இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்தி அதற்குள்ளிருந்த கால்சியத்தைப் பிரித்தெடுத்தார். பிரிக்க முடியவில்லை என்பது நம் கருவியின் குறைபாடாகவும் இருக்கலாம். ஐயமற்ற விடைக்கு அணுவுக்குள் போக வேண்டும்.

போகுமுன் ஆக்சிஜனைப் பற்றிய குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மூலக்கூறு என்பது அணுக்கள் பிணைந்த தொகுப்பு, அவ்வளவே. பிணைந்தவை ஒரே வகை அணுக்கள் என்றால் அது தனிமத்தின் மூலக்கூறு: ஆக்சிஜனில் இரண்டு, ஓசோனில் மூன்று, வெண்பாஸ்பரசில் நான்கு. வெவ்வேறு வகை அணுக்கள் என்றால் மட்டுமே சேர்மம்.

அணுவை எண்ணும் முறை

1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்ததும், அணு பிளக்க முடியாதது என்ற டால்டனின் கருத்து சரிந்தது. 1911-இல் ரூதர்போர்டு, தம் மான்செஸ்டர் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் செய்த சோதனைகளுக்கு விளக்கம் கண்டார். மெல்லிய தங்கத் தகட்டின்மேல் செலுத்திய ஆல்ஃபா துகள்களில் பெரும்பாலானவை நேராகக் கடந்துவிட, மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பியிருந்தன. நேர்மின்சுமை முழுவதும், நிறையில் ஏறத்தாழ முழுவதும், நடுவில் ஒரு மிகச் சிறு உட்கருவில் அடங்கியிருந்தால்தான் அது நடக்கும். தங்க அணுவின் உட்கருவை ஒரு மிளகு அளவுக்குப் பெரிதாக்கினால், அணுவின் குறுக்களவு நூறு மீட்டருக்கு, ஒரு கால்பந்து மைதானத்தின் நீளத்துக்கு வந்துவிடும். இடையில் எலக்ட்ரான்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

உட்கருவில் நேர்மின்சுமையுள்ள புரோட்டான்களும், 1932-இல் சாட்விக் கண்டறிந்த மின்சுமையற்ற நியூட்ரான்களும் உள்ளன. இரண்டின் நிறையும் ஏறத்தாழ ஒன்றே. எலக்ட்ரானின் நிறை புரோட்டானின் நிறையில் 1836-இல் ஒரு பங்குதான் என்பதால் நிறைக் கணக்கில் அதை விட்டுவிடலாம்.

எண்ணும்போது புரோட்டானிலிருந்தே தொடங்க வேண்டும். புரோட்டான்களின் எண்ணிக்கை அணு எண். அதுவே தனிமத்தின் அடையாளம். 11 புரோட்டான்கள் என்றால் சோடியம், 12 என்றால் மெக்னீசியம்; இடையில் வேறொரு தனிமத்துக்கு இடமில்லை. இதை 1913-இல் எக்ஸ் கதிர்களை அளந்து உறுதி செய்தவர் மோஸ்லி. ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தினுடையது 39.10, நிறையை மட்டும் பார்த்தால் பொட்டாசியம் முன்னே வர வேண்டும். ஆர்கானில் 18 புரோட்டான்கள், பொட்டாசியத்தில் 19 என்று தெரிந்தபின் அந்த முரண் நீங்கியது. சுண்ணாம்பைப் பற்றிய கேள்விக்கும் இங்கேதான் முடிவான விடை இருக்கிறது: அதிலுள்ள அணுக்களில் சிலவற்றுக்கு 20 புரோட்டான்கள், சிலவற்றுக்கு 8; ஆகவே அது தனிமம் அன்று.

புரோட்டான், நியூட்ரான் இரண்டையும் கூட்டினால் நிறை எண். சோடியம்-23 என்றால் 23-இலிருந்து 11-ஐக் கழித்து 12 நியூட்ரான்கள். நடுநிலை அணுவில் எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குச் சமம், அதாவது 11. இதுவரை எவரும் தவறுவதில்லை. அணு எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமையுள்ள அயனியாக மாறும்போதுதான் பிழை நுழைகிறது. நேர்மின்சுமையைக் குறிக்கும் கூட்டல் குறியைப் பார்த்ததும், சோடியம் அயனியில் 12 புரோட்டான்கள் என்று கூட்டிவிடுகிறார்கள். 12 புரோட்டான்கள் இருந்தால் அது மெக்னீசியம் ஆகிவிடும். அயனியாகும்போது உட்கரு தொடப்படுவதே இல்லை. சோடியம் ஓர் எலக்ட்ரானை இழப்பதால் 11 புரோட்டான்களும் 10 எலக்ட்ரான்களும் எஞ்சி, ஒரு நேர்மின்சுமை மிஞ்சுகிறது. குளோரின் ஒன்றைப் பெறுவதால் 17 புரோட்டான்களுக்கு 18 எலக்ட்ரான்கள்.

இனி அந்த அரை நியூட்ரான். குளோரினின் அணு நிறை 35.5 என்று அட்டவணையில் இருப்பதைப் பார்த்து, அதிலிருந்து 17-ஐக் கழித்து 18.5 என்று எழுதுவது கணக்குப் பிழை அன்று, எண்ணைப் புரிந்துகொள்வதில் உள்ள பிழை. 35.5 என்பது தனியொரு அணுவின் எண் இல்லை. அது இயற்கையில் கிடைக்கும் குளோரின் அணுக்களின் சராசரி நிறை. அவற்றில் ஏறத்தாழ 75.8 விழுக்காடு குளோரின்-35, மீதி 24.2 விழுக்காடு குளோரின்-37. முதலாவதில் 18 நியூட்ரான்கள், இரண்டாவதில் 20. இப்படி ஒரே அணு எண்ணும் வெவ்வேறு நிறை எண்ணும் கொண்ட அணுக்கள் ஐசோடோப்புகள். 35-ஐ 0.758 ஆலும் 37-ஐ 0.242 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 26.53-உம் 8.95-உம் சேர்ந்து 35.48 வரும். நியூட்ரான்களைக் கணக்கிட எப்போதும் ஒரு குறிப்பிட்ட ஐசோடோப்பின் நிறை எண்ணையே எடுக்க வேண்டும். ஒரே நிறை எண்ணுடன் வெவ்வேறு அணு எண் இருந்தால் அவை ஐசோபார்கள். ஆர்கான்-40, கால்சியம்-40 போல.

எலக்ட்ரான்களைக் கூடுகளில் நிரப்புவது கடைசி வேலை. உட்கருவுக்கு அருகிலுள்ள கே கூட்டில் 2, எல் கூட்டில் 8, எம் கூட்டில் 18 வரை கொள்ளும். கூட்டின் வரிசை எண்ணை அதனாலேயே பெருக்கி, வரும் விடையை இரட்டிப்பாக்கினால் இந்த எண்கள் கிடைக்கும். இந்த விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் பொட்டாசியத்தின் 19 எலக்ட்ரான்களை 2, 8, 9 என்று எழுதத் தோன்றும். வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல் இருக்கலாகாது என்ற இரண்டாவது விதியும் உண்டு. எனவே 2, 8, 8, 1. முதல் 20 தனிமங்களுக்கு இந்த எளிய முறை போதும், ஸ்காண்டியத்திலிருந்து அது உதவாது.

முழு முறையையும் ஒரே பொருளில் செய்து பார்க்க மெக்னீசியம் நாடா ஏற்றது. அது வெண்ணிறத் திண்மம். நிறையும் இடமும் உண்டு. எங்கு வெட்டினாலும் ஒரே தன்மை. அணுக்கள் அனைத்திலும் 12 புரோட்டான்கள், ஆகவே தனிமம். மெக்னீசியம்-24 ஐசோடோப்பில் 12 நியூட்ரான்கள். எலக்ட்ரான்கள் 2, 8, 2. வெளிக்கூட்டின் இரண்டையும் அது இழக்க முனையும், அதாவது இணைதிறன் 2. ஆக்சிஜனுக்கு வெளிக்கூட்டை நிரப்ப இரண்டு தேவை என்பதால் ஓர் அணுவுக்கு ஓர் அணு சேரும். நிறை விகிதம் 24-க்கு 16, அதாவது 3-க்கு 2. இப்போது மூடியிட்ட மூசையில் நாடாவை நிறுத்துப் போட்டு, மூடியை அவ்வப்போது சற்றே தூக்கிக் காற்றை விட்டுக்கொண்டு, சுடரை நேராகப் பார்க்காமல் எரித்து முடியுங்கள். 3 கிராம் மெக்னீசியம் போட்டிருந்தால், மூசையில் 5 கிராமுக்கு அருகில் வெண்ணிறப் பொடி இருக்க வேண்டும். சற்றுக் குறைந்திருந்தால், மூடியைத் தூக்கும்போது வெண்புகையாக எவ்வளவு வெளியேறியது என்று எண்ணிப் பாருங்கள்.